கொக்கி போடாத தாலிக்கொடி

ஜூன் 3, செவ்வாய்

புது வருடத்துக்கு நகைக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த டைரியை ஜெரால்டு சார் இன்றைக்குத்தான் என் தலையில் கட்டினார். ஜனவரி முதல் மே வரை தாள் எல்லாம் வெள்ளை. அந்த ஐந்து மாதம் நான் உயிரோடு இருந்தேன் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. இனிமேலாவது இருக்கட்டும்.

படித்தது ஐந்தாவது. வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரிப்பார், நான் அவரைப் பார்த்துச் சிரிப்பேன், அதிலேயே பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பெயர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பெண்ணை நன்றாகச் சிரிக்க வைத்தேன். சிரித்து முடித்துவிட்டு வேறு ஒருத்தனைக் கட்டிக்கொண்டார்கள். கோயமுத்தூரில் நகைகளை மட்டும் படம் எடுக்கிற ஸ்டுடியோவில் லைட்காரன் வேலை. லைட் வைப்பது, வெள்ளை அட்டை பிடிப்பது, டீ வாங்கி வருவது, எல்லோரையும் கிண்டல் செய்வது. கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது.

ஜெரால்டு சார் முதலாளி. கேமராவும் அவரே. நஸ்ரீன் கம்ப்யூட்டரில் படங்களைச் சேர்க்கிற பெண். மாராத்தாள் அக்கா கூட்டித் துடைப்பவர். அப்புறம் கலாமணி. படத்தில் நகை போட்டிருக்கிற கையும் கழுத்தும் காதும் அவருடையவை. முகம் வராது.

"என்ற மூஞ்சி வந்தா நகைய யாருங் பாப்பாங்" என்று அவரே சொல்லுவார்.

"அதுக்கில்லீங் அம்மணி, கேமரா லென்சு நெம்ப வெல. ஒடஞ்சுட்டா யாரு கட்டறது" என்றேன்.

கையில் இருந்த பவுடர் பஞ்சை என் மேல் எறிந்தார். சட்டை முழுக்க வெள்ளை. துவைத்துப் போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

காலை முதல் சாயங்காலம் வரை ஒரே ஒரு மோதிரம்.

அவ்வளவு கிட்டத்தில் போய் எடுத்தால் கேமராவுக்கு ஒரு நூல் அகலம்தான் தெளிவாகத் தெரியும். கல் தெளிவாக இருந்தால் வளையம் மங்கல். வளையம் தெளிந்தால் கல் மங்கல். அதற்காகக் கேமராவை ஒரு குட்டித் தண்டவாளத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். ஒரு மோட்டார் அதை மயிரிழை முன்னால் தள்ளும், ஒரு படம். மறுபடி மயிரிழை, மறுபடி ஒரு படம். இப்படியே முன்னாலிருந்து பின்னால் வரை. பிறகு நஸ்ரீன் ஒவ்வொரு படத்திலும் தெளிவாக இருக்கும் இடத்தை மட்டும் எடுத்து அடுக்கி ஒரே படமாக ஆக்குவாள். அடுக்கு அடுக்காகப் போடுவதால் அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் பரோட்டா மாஸ்டர்.

இதில் ஒரே ஒரு சட்டம். முதல் படம் முதல் கடைசிப் படம் வரைக்கும் எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் ஒரு விளிம்பு இரண்டாகத் தெரியும். ரெட்டை விழுந்துவிட்டது என்போம். ரெட்டை விழுந்தால் எல்லாம் குப்பை, மறுபடி முதலிலிருந்து.

கலாமணி மாதிரி அசையாமல் இருக்க ஆளே கிடையாது. கையை மணல் மூட்டை மேல் வைத்தார் என்றால் அது அவர் கையா, கடையில் வாங்கிய கையா என்று சந்தேகம் வரும்.

"அந்நேரம் என்னங் நெனச்சுட்டு இருப்பீங்?" என்று கேட்டேன்.

"ராத்திரிக்கு என்ன கொழம்புன்னு."

"அப்ப இந்த மோதரம் கத்திரிக்கா வாசம் அடிக்குமுங்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கலாமணி சிரிப்பை அடக்க அடக்க விரல் ஆடிப்போனது. ஜெரால்டு சார் என்னை வெளியே அனுப்பிவிட்டார். வெளியே நின்றபடியே கதவு வழியாக, "பருப்பு போட்டுங்களா, போடாமயா?" என்றேன். மூன்றாவது தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 9, திங்கள்

மழை. கரண்ட் இல்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்து பொரி தின்றோம்.

ஜூன் 11, புதன்

ஆவணி முகூர்த்தத்துக்காக ஒரு கடையின் தாலிக்கொடி வேலை வந்திருக்கிறது. பொம்மைக் கழுத்து வேண்டாமாம், மனுஷத் தோல்தான் வேண்டுமாம்.

தாலிக்கொடிக்கு எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. யார் கழுத்தில் வைத்தாலும் பின்னால் கொக்கி போட மாட்டோம். கொக்கி விழுந்தால் கட்டிக்கொண்ட கணக்கு. விழாதவரைக்கும் அது வெறும் நகை. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ஜெரால்டு சார் சர்ச்சுக்குப் போகிறவர், நஸ்ரீன் தொழுகிறவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. கொடியின் இரண்டு முனைகளையும் ரவிக்கையின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுவோம்.

இதுவரை தாலிக்கொடிக்கு வந்துகொண்டிருந்த பெண் ஊர் மாறிப் போய்விட்டார். கலாமணியின் வீட்டுக்காரர் தவறி ஆறு வருடம் ஆகிறது. ஜெரால்டு சார் ரொம்ப நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம்தான் கேட்டார்.

"உனக்கு மனசுக்கு ஒப்பலன்னா வேண்டாம்மா. வேற ஆள் பாத்துக்கலாம்."

"கொக்கி போட மாட்டீங்ளே?"

"போட மாட்டோம்."

"அப்பச் சேரிங்."

லைட் சூட்டில் வேர்த்து டேப் பிய்த்துக்கொண்டே வந்தது. யாராவது பின்னால் உட்கார்ந்து முனைகளைப் பிடிக்க வேண்டும். மாராத்தாள் அக்கா கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போயிருக்கிறார். நஸ்ரீன் கம்ப்யூட்டரை விட்டு நகர முடியாது. ஜெரால்டு சார் என்னைப் பார்த்தார். நான் கலாமணியைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி, "ஆராச்சும் ஒருத்தரு புடிங், நேரமாச்சு" என்றார்.

ஸ்டூலைப் போட்டு அவர் பின்னால் உட்கார்ந்தேன். விரல் கழுத்தில் படாமல் கொஞ்சம் தள்ளி, இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்தேன்.

"அம்மணி, மேளத்துக்குச் சொல்லோணுமா, ரேடியோ போதுமா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கலாமணிக்குப் பின்கழுத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. இத்தனை வருடம் முன்னால் நின்று லைட் பிடித்தவனுக்கு அது தெரியாமல் போயிற்று.

படம் எல்லாம் ரெட்டை.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கும் ரெட்டை. மத்தியானம் வரை எடுத்தும் ஒன்றும் தேறவில்லை.

"உன் கை ஆடுதா நாச்சி?" என்று ஜெரால்டு சார் கேட்டார். என் கை ஆடாது. இங்கே வருவதற்கு முன்னால் பத்து வருடம் பட்டறையில் நகைக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தவன். ஊசி முனையில் கடுகை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவேன்.

கை இல்லை என்றால் மூச்சுதான். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எருமை மாதிரி மூச்சு விட்டால் எந்தக் கழுத்துதான் சும்மா இருக்கும். கூச்சத்தில் சிலிர்க்கத்தானே செய்யும்.

நஸ்ரீன் திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாருங்கண்ணா, தொண்டைக் குழிக்குப் பக்கத்துல இந்த நரம்பு துடிக்குது. அது மேல கொடி கெடக்குறதுனால கொடி ஏறி எறங்குது. நீங்க பின்னால இருக்கீங்க. உங்க மூச்சு எப்படிண்ணா முன்னால வரும்?"

"சுத்திக்கிட்டு வந்திருக்கும். பஸ்ஸு மாதிரி" என்றேன்.

கலாமணி நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஒரு சொம்பு முழுதும் குடித்தார். பாவம், லைட் சூடு.

ஜூன் 13, வெள்ளி

மூச்சை அடக்கிப் பார்த்தேன். மோட்டார் ஓடுகிறது, கேமரா டிக் டிக் என்கிறது, எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது. பாதி தாண்டியதும் பலூன் மாதிரி புஸ்ஸென்று விட்டுவிட்டேன்.

கலாமணி திரும்பிப் பார்த்தார். "ஏனுங், செத்துக்கித்துப் போயிராதீங்."

"செத்தா உங்குளுக்கு என்னங் நட்டம்?"

என் முகம் சிவந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, அவரே எழுந்து போய் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

படம் ரெட்டை. நஸ்ரீன் சொல்லுகிறாள், நான் மூச்சை விட்டது கடைசியில்தானாம், ரெட்டை முதல் படங்களிலேயே இருக்கிறதாம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம்.

ஜூன் 16, திங்கள்

கடைக்காரர் போனில் சத்தம் போட்டார். இந்த வாரம் படம் வராவிட்டால் சென்னையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வருவதாக ஜெரால்டு சார் சொல்லிவிட்டார். ஒரு தடவை அவள் வந்தால் அப்புறம் எல்லா வேலைக்கும் அவளேதான் வருவாள். கலாமணியின் மகள் நிவேதா இந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்திருக்கிறது. இந்த வேலையை விட்டால் கலாமணி மில்லுக்குத்தான் போக வேண்டும். மில்லுக்குப் போனால் அந்தக் கை என்ன ஆகும்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்."

"என்றண்ணன் ஒரு எடம் கொண்டாந்திருக்காருங். பல்லடம். மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்காரு. அவருக்கும் சம்சாரம் இல்ல. நிவேதாவும் சேரிம்மாங்குது." டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்னங் சொல்லட்டும்?"

"மோட்டார்காரரா? யோசிக்கவே யோசிக்காதீங். மிக்சி, கிரைண்டர், தண்ணி மோட்டார், எது போனாலும் ஊட்டுக்குள்ளயே வைத்தியரு."

"வெளையாட்டுக்குக் கேக்கலீங்."

"நானும் வெளையாட்டுக்குச் சொல்லலீங். கரண்டு போச்சுன்னா அவருக்கும் லீவு. பேசிட்டு இருக்க நேரம் கெடைக்குமுல்ல."

எழுந்து போய் டம்ளரைத் தானே கழுவி வைத்தார். எப்போதும் மாராத்தாள் அக்காவுக்காக விட்டுவிடுவார். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுவதைப் பற்றி இன்னொரு நல்ல ஜோக் வைத்திருந்தேன். சொல்ல முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ராத்திரி தூக்கம் இல்லை. கொசு.

காலையில் ஜெரால்டு சாரிடம் பேசினேன். "சார், நான் செட்டுல இருந்தா படம் வராது. என்னைய வண்டிக்குப் போட்டுருங்க. நகை எடுத்துட்டு வர்றது, கொண்டு போய்க் குடுக்கறது, அதெல்லாம் நான் பாத்துக்கறேன். கொடியப் புடிக்க மாராத்தா அக்கா வந்துட்டாங்க."

"உன் மூச்சுக்கு இவ்வளவு மரியாதையாய்யா?"

"ஆமாங் சார். கலாமணிகிட்டச் சொல்லாதீங்க. தன்னாலதான்னு சங்கடப்படுவாங்க."

சொன்னபடியே அவர் சொல்லவில்லை. ஆனால் கலாமணி மத்தியானம் என்னைப் படியில் மறித்தார்.

"வண்டிக்குப் போறீங்ளாமா?"

"ஆமாங்."

"நீங்களே கேட்டீங்ளா, சார் போகச் சொன்னாரா?"

"நானேதானுங் கேட்டேன்."

"ஏன்?"

வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். "உங்க பின்மண்டையப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சுங் அம்மணி. கொஞ்ச நாளு ரோட்டப் பாத்துட்டு வர்றேன்."

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும். எதிர்பார்த்து நின்றேன். "சேரிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜூன் 18, புதன்

நான் சொன்னது சரியாகப் போயிற்று. மாராத்தாள் அக்கா கொடியைப் பிடித்தார். முதல் தடவையிலேயே படம் வந்துவிட்டது. ஒரு இடத்தில்கூட ரெட்டை இல்லை. தாலியில் செதுக்கிய லட்சுமியின் மூக்குத்தி முதல் தோள் மேல் போகும் கடைசிக் கண்ணி வரைக்கும் பளிச்சென்று இருக்கிறது. கடைக்காரர் போனில் ஜெரால்டு சாரைப் புகழ்ந்து தள்ளினார். சென்னைப் பெண் வரத் தேவையில்லை.

ராஜ வீதி முனையில் பஜ்ஜி வாங்கி வந்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். கலாமணிக்குப் பசி இல்லையாம்.

"அவங்க மூச்சு விட்ட மாதிரியே தெரியலண்ணா" என்றாள் நஸ்ரீன். "கழுத்துல உசுரே இல்லாத மாதிரி இருக்கு படம்."

"அதுக்குத்தான, பரோட்டா மாஸ்டர், இத்தன பாடு பட்டோம்" என்றேன்.

அவள் என் பஜ்ஜியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

வண்டி வேலை பரவாயில்லை. இரண்டு கடைக்குப் போனேன். ஒரு இடத்தில் பூட்டு திறக்க நேரமாயிற்று. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரனிடம் ஒரு ஜோக் சொன்னேன். அவன் ஹெல்மெட்டுக்குள் என்ன செய்தான் என்று தெரியவில்லை.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி வரும்போது செட்டுக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே டிக் டிக் என்று கேட்கும். ஓடி முடிகிற வரைக்கும் வெளியே நிற்பேன். நகைப் பையை நஸ்ரீனிடம் நேரில் கொடுக்க வேண்டுமே, அதற்காக.

ஜூலை 4, வெள்ளி

கலாமணி இனிப்பு கொடுத்தார். மைசூர்பா. பல்லடத்துக்காரர் வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம். ஆடி கழிந்து ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். பேரூர்க் கோயில், இரண்டு பக்கமும் நெருங்கிய சொந்தம், அப்புறம் ஸ்டுடியோக்காரர்கள் மட்டும்.

கடைசியாக என்னிடம் வந்தார்.

"எடுத்துக்குங்ண்ணா."

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. மற்ற எல்லோருக்கும் நான் அண்ணன்தான். அவருக்கு மட்டும் 'ஏனுங்'. வயதுக்கு மரியாதை கொடுக்கிறார், நல்ல பழக்கம்.

இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

வண்டிக்குக் காற்று அடித்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

நஸ்ரீன் என்னோடு பேசுவதில்லை. நகைப் பையைக் கொடுத்தால் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள், அவ்வளவுதான். "பரோட்டா மாஸ்டருக்கு என்ன கோபம், மாவு சரியா பெசையலியா?" என்று கேட்டேன்.

"எல்லாரையும் சிரிக்க வெக்கறதுக்கு வாயத் தொறக்கறீங்கண்ணா" என்றாள். "ஒரு தடவையாச்சும் பதில் சொல்லறதுக்குத் தொறந்திருக்கலாம்."

யார், என்ன கேட்டார்கள், நான் எப்போது பதில் சொல்லாமல் இருந்தேன்? நான் பதில் சொல்லாத நாளே கிடையாது.

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது கண்ணில் தூசி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஸ்டுடியோ சார்பில் ஒரு குத்துவிளக்கு வாங்கினோம். கொண்டு போய்க் கொடுக்கும் வேலை என்னுடையது. நான்தானே வண்டி.

கலாமணியின் வீடு சிங்காநல்லூரில் ஒரு லைன் வீடு. போனபோது மாப்பிள்ளையே இருந்தார். தண்டபாணி என்று பெயர். ஏணி மேல் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கேட்கிற ஸ்குரூடிரைவரை நிவேதா பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது.

"வாங்கண்ணா. கலாமணி உங்களப் பத்தித்தான் சொல்லிட்டே இருக்கும். நெம்ப நகைச்சுவையா பேசுவீங்ளாமா" என்றார் ஏணி மேலிருந்தே.

"இப்பவேங்களா மாப்பள, ஃபேன் வேலையெல்லாம்? தாலி கட்டற வரைக்குமாச்சும் முதலாளி மாதிரி இருங்" என்றேன்.

ஏணி ஆட ஆடச் சிரித்தார். நல்ல மனிதர். குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். காதில் கொஞ்சம் முடி இருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். கலாமணி வாசல் கேட் வரைக்கும் வந்தார். வண்டிச் சாவியைப் போட்டேன். அவர் உள்ளே போகவில்லை.

"ஒண்ணு கேட்டா வெளையாடாமச் சொல்லுவீங்ளா?"

"சொல்றேனுங்."

"அன்னிக்கு ஏன் வண்டிக்குப் போனீங்?"

விளையாடாமல் சொன்னேன். "எம்மூச்சுனால படம் ரெட்டை விழுந்துச்சுங். நான் அங்கயே இருந்தா உங்க வேல போயிருமேன்னு தள்ளிப் போனேன். சார்கிட்டச் சொல்ல வேண்டாம்னேன், நீங்க சங்கடப்படுவீங்னு."

"மூச்சா?" என்றார்.

"ஆமாங்."

உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. நிவேதா கை தட்டியது.

"உங்க மூச்சுனாலன்னு நெனச்சீங்ளா?" என்றார் மறுபடியும். சிரிப்பது போல முகம் போயிற்று. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அத எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்?"

"இனி அதெதுக்குங்." கேட்டின் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கிக்கொண்டே நின்றார். "என்ற பொழப்பக் காப்பாத்தறதுக்குத்தான் தள்ளிப் போனீங்னு இப்பத்தான் தெரியுது. அந்த மனுசன் நெம்ப நல்லவருங். அவருக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன்."

"தெரியுமுங்."

"பாத்துப் போங், ரோடெல்லாம் குழி."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அவரிடம் எதைக் கேட்பது? மூச்சு என்னுடையது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேரூரில் கல்யாணம். கூட்டம் கம்மி, சாப்பாடு நன்றாக இருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் பந்திக்கு இலை துடைக்க ஆள் இல்லை என்று சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியது. போய்த் துடைத்துக்கொண்டிருந்தேன். மேளம் வேகமாகி நின்றது. எல்லா இலையும் துடைத்து முடித்துவிட்டேன். பிறகு துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

நஸ்ரீன் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கலாமணி பல்லடம் போய்விட்டதால் கழுத்துக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். காலேஜில் படிக்கிறாள், பெயர் மதுவந்தி. வாய் ஓயாமல் பேசுகிறாள். என்னை அங்கிள் என்கிறாள். வேறு சமயமாக இருந்தால் எனக்கு ஜோடி கிடைத்தாள் என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

அதே கடைக்காரர் தை மாதத்துக்காக இன்னும் சில தாலிக்கொடிகள் கொடுத்திருக்கிறார். மாராத்தாள் அக்காவுக்கு முழங்கால் வலி, ஸ்டூலில் உட்கார முடியவில்லை. ஜெரால்டு சார் என்னைக் கூப்பிட்டார்.

"வேண்டாங் சார். எம்மூச்சு பட்டா ரெட்டை விழுந்துரும்."

"ஒரு தடவை பாப்போம் வா."

எனக்கு இரண்டு நாளாகச் சளி வேறு. மூக்கு அடைத்து வாயால்தான் மூச்சு. ஸ்டூலைப் போட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். முன்பு பிடித்த மாதிரியே கொஞ்சம் தள்ளி இரண்டு முனைகளையும் பிடித்தேன். மோட்டார் ஓடியது. கேமரா டிக் டிக் என்றது. மூச்சை அடக்கலாம் என்று பார்த்தேன், சளியில் முடியவில்லை. என் பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் எதிர் சுவரைப் பார்த்துக் கொட்டாவியை அடக்கினாள்.

நஸ்ரீன் அடுக்கிப் பார்த்தாள். திரையைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு கண்ணியாகப் போனாள். ரொம்ப நேரம் ஆயிற்று.

"வந்துருச்சு சார்" என்றாள். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஒரு எடத்துலயுமா இல்ல?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேண்ணா."

ஜெரால்டு சார் அடுத்த கொடியை எடுக்கப் போனார். இதையே இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். நன்றாகத்தானே வந்திருக்கிறது என்றார். எடுக்கலாம் சார் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேமராவை முதலிடத்துக்குத் தள்ளினார்.

இந்தத் தடவை ஸ்டூலை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டேன். நன்றாகக் குனிந்தேன். மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி, பட்டறையில் ஊதுகிற மாதிரி, வேண்டுமென்றே மூச்சு விட்டேன். உள்ளே இருந்த அத்தனையையும் விட்டேன். அந்தப் பெண்ணின் காதோரத்து முடி பறந்தது.

"அங்கிள், ஏசி மாதிரி இருக்கு" என்றாள் உதட்டை அசைக்காமல்.

கேமரா ஓடி முடித்தது. நஸ்ரீன் அடுக்கினாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அங்கிருந்தே தெரிந்தது. லட்சுமியின் கை விரல், காசு, கண்ணி, கழுத்தின் பூனை முடி, எல்லாம் ஒன்றொன்றாக. தொண்டைக் குழிக்குப் பக்கத்தில், கலாமணிக்கு நரம்பு துடித்த அதே இடத்தில், தோல் அசையாமல் இருந்தது.

"அவ்வளவுதான் நாச்சி, கொடியக் குடு" என்றார் ஜெரால்டு சார்.

அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் இரண்டு முனைகளையும் பிடித்தபடியே இருந்திருக்கிறேன். சார் பக்கத்தில் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று.